வேன் ஏன் நின்றது?

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வைத்தியர்களால் குறைவே கிடையாது. மனிதனுக்குத் தலைவலி வந்தால் நான்கு பேர் நான்கு மருந்து சொல்வார்கள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டாலோ, நாற்பது பேர் நாற்பது மருந்து சொல்வார்கள். "பிளக்கை மாற்றுங்க" என்பார் ஒருவர். "கார்புரேட்டரில் அழுக்கு" என்பார் மற்றொருவர். இளநீர்க் கடைக்காரர்கூட அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து, இஞ்சினை ஒரு பார்வை பார்த்து, "காயில் போயிருச்சுங்க" என்று தீர்ப்பளித்துவிட்டுத் திரும்பிப் போவார். இத்தனை வைத்தியர்கள் கூடியும் நோயாளி எழுந்து நடப்பதில்லை என்பதுதான் பரிதாபம்.

நமது தெருவில் ஒருவர் பழைய வேன் ஒன்றை வைத்துக்கொண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று வருகிறார். அதில் வரும் வருமானந்தான் அவருடைய குடும்பத்துக்கு ஆதாரம். வேனில் செல்லும் குழந்தைகளில் நமது இளைய குமாரியும் ஒருத்தி. சில மாதங்களுக்கு முன்பு அந்த வேனுக்கு ஒரு விசித்திரமான வியாதி கண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆறு ஏழு கிலோமீட்டர் சென்றதும் இரண்டு முறை இருமும், மூன்று முறை குலுங்கும், நின்றுவிடும். கால் மணி, இருபது நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடவாதது போல் மறுபடி கிளம்பிவிடும். அதுவரையில் குழந்தைகள் சாலையோரத்தில் வெயிலில் நிற்க வேண்டியதுதான். அந்த வியாதியைக் கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பிரயோஜனப்படலாம். வண்டி இல்லாத குடும்பங்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது; அதைப் பின்னால் சொல்கிறோம்.

வேனின் வரலாறு

முதலில் நோயாளியைப் பற்றி இரண்டு வார்த்தை. மாருதி உத்யோக் என்னும் ஸ்தாபனம் 1981-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 என்ற சிறிய கார் வெளிவந்தது. மறு வருஷமே, 1984-ல், அதே இஞ்சினுடன் இந்த வேன் வந்தது. 1988-ல் இதற்கு 'ஆம்னி' என்று பெயர் சூட்டினார்கள். 2019-ல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில், முப்பத்தைந்து வருஷ காலம், இந்தத் தேசத்தில் இது செய்யாத ஊழியம் இல்லை. காய்கறி சுமந்தது, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று, கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் ஏற்றிச் சென்றது, ஒரு குடும்பம் முழுவதையும் மூட்டை முடிச்சுகளோடு பழநிக்கு அழைத்துச் சென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தது.

இதன் இஞ்சின் 796 கன சென்டிமீட்டர் அளவுள்ளது, மூன்று சிலிண்டர்கள். மற்றக் கார்களைப் போல் முன்புறத்தில் மூடியின் கீழ் இராமல், இந்த இஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலே அமைந்திருக்கிறது. இஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் இருக்கையைத் தூக்க வேண்டும். சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறது. பிற்காலத்து வண்டிகளில் பெட்ரோலைப் பீச்சும் வேலையை மின்சார யுக்தியே கவனித்துக்கொள்கிறது. பழைய வண்டிகளில் அந்த வேலை கார்புரேட்டருடையது. நமது தெரு வேன் கார்புரேட்டர் வகையைச் சேர்ந்தது. அதற்கு நேர்ந்த வியாதிக்கும் அதைச் செய்தவர்களுக்கும் சம்பந்தமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வயதும் அசிரத்தையுந்தான் காரணம்; அசிரத்தையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

வைத்தியமும் செலவும்

முதல் தடவை நின்றபோது மூன்று பிளக்குகளும் புதிதாகப் போடப்பட்டன. இரண்டாந்தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மூன்றாந்தடவை காயில் மாற்றப்பட்டது. நான்காந்தடவை, இனி மாற்றுவதற்கு வேறொன்றும் தோன்றாமையால், பாட்டரியை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடிற்று. "பார்த்தீர்களா? அதுதான் கோளாறு" என்று வைத்தியம் செய்தவர் சொன்னார். பிறகு பழையபடி நின்றது. ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. கண் திருஷ்டி என்று யாரோ சொன்னதன் பேரில் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அவற்றுக்கு மட்டுந்தான் செலவு குறைவு.

ஒரு நாள் மாலை வண்டிக்காரர் நமது வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "வாத்தியார் ஐயா, இந்த மாசம் இரண்டு வீட்டுக்காரங்க பிள்ளைகளை நிறுத்திட்டாங்க. இன்னும் இரண்டு பேர் நிறுத்தினா, பெட்ரோல் போடக்கூட மிஞ்சாது" என்றார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது நமக்குச் சங்கடமாக இருந்தது. ஊர்க் கோடியில் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை நமக்குத் தெரியும். 'பாய்' என்றே ஊரார் அவரை அழைப்பார்கள். மறுநாள் சனிக்கிழமை, குழந்தைகள் இல்லாமல் வேனை அவரிடம் கொண்டுபோனோம்.

கேள்வியே முதல் கருவி

பெரியவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நிக்கிறப்போ எப்படி நிக்குது? சுவிட்சை அணைச்ச மாதிரி டக்குனு நிக்குதா, எண்ணெய் வத்தின விளக்கு மாதிரி திணறித் திணறி நிக்குதா?"

"திணறித்தான் நிக்குது, பாய்."

"அப்ப காயிலையும் பாட்டரியையும் எதுக்கு மாத்தினீங்க?"

வண்டிக்காரர் பதில் சொல்லவில்லை. பெரியவர் நம் பக்கம் திரும்பி விளக்கினார். ஓடுகிற இஞ்சின் சட்டென்று அடியோடு நின்றால், பெரும்பாலும் அது மின்சாரக் கோளாறு: தீப்பொறி அற்றுப்போயிற்று என்று அர்த்தம். இருமி, குலுங்கி, பலம் குன்றி நின்றால், பெரும்பாலும் அது தீனிக் கோளாறு: பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இது தவறாத சாஸ்திரமன்று; ஆனால் எந்தப் பக்கம் முதலில் தேடுவது என்று சொல்லிவிடும். இந்த ஒரு கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் நாலாயிரம் ரூபாயாவது மிஞ்சியிருக்கும்.

நான்கு தேவைகள்

பெட்ரோல் இஞ்சின் எவ்வளவு சிக்கலாகத் தோன்றினாலும் அதற்கு வேண்டியவை நான்குதான்: காற்று, பெட்ரோல், அமுக்கம், உரிய தருணத்தில் ஒரு தீப்பொறி. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. மேலே ஏறும்போது அது அமுக்கப்படுகிறது. பொறி தட்டியதும் எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி ஏறும்போது புகை வெளியே தள்ளப்படுகிறது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இந்த மூன்று சிலிண்டர்களிலும் சேர்ந்து நிமிஷத்துக்கு 4,500 தடவை பொறி தட்டுகிறது. பாட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஒவ்வொரு தடவையும் அந்தப் பொறியைத் தருவது காயில். இதை எண்ணிப் பார்க்கும்போது, வண்டி ஏன் நிற்கிறது என்பதைவிட, எப்படித்தான் ஓடுகிறது என்பதே ஆச்சரியமாகத் தோன்றுகிறது!

கோளாறு எதுவானாலும் இந்த நான்கில் ஒன்று குறைந்திருக்க வேண்டும். ஆகையால் ஒவ்வொன்றாகச் சோதித்து, குறைவில்லாததை ஒதுக்கிக்கொண்டே போனால், மிஞ்சுவதில் குற்றவாளி அகப்பட்டே தீர வேண்டும். கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றிப் பார்ப்பது வைத்தியமாகாது. அது லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் போன்றது.

காற்றைச் சோதிப்பது எளிது. ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தூசி அடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். தீப்பொறிக்குப் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கு என்பது இஞ்சினின் நாக்கு. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல் மெக்கானிக்கும் பிளக்கைப் பார்க்கிறார். நுனி காப்பிப்பொடி நிறத்தில் உலர்ந்திருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து இஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்துப் போயிருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது உஷ்ணம் அதிகம்.

நமது வேனின் பிளக்குகள் மூன்றும் ஒரே மாதிரி சற்று வெளுத்திருந்தன. "மூணுமே ஒண்ணு போல இருக்குது. அப்ப ஒரு சிலிண்டர் கோளாறு இல்லை. மூணுக்கும் பொதுவான இடத்திலதான் பஞ்சம்" என்றார் பெரியவர். இது நமக்கு மிகவும் பிடித்தது. ஒரு வகுப்பில் ஒரு பையன் தேறாவிட்டால் பையனைக் கவனிக்க வேண்டும். வகுப்பு முழுவதும் தேறாவிட்டால் வாத்தியாரைக் கவனிக்க வேண்டும் அல்லவா?

வாடை

பெட்ரோல் செல்லும் வழியைத் தேடுவதற்காகப் பெரியவர் முன் இருக்கையைத் தூக்கினார். தூக்கியவர் குனிந்து முகர்ந்தார். பிறகு, பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த பையனை ஓர் அதட்டுப் போட்டு அப்பால் விரட்டினார். பாட்டரியின் ஒயரைத் தாமே கழற்றிவிட்டார். டார்ச்சு விளக்கை அடித்து ஓர் இடத்தைக் காட்டினார்.

பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் டியூப் அது. விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் வயதானவர் உள்ளங்கையைப் போல் வெடித்திருந்தது. வெடிப்பில் ஈரம் மினுமினுத்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. இஞ்சின் சூட்டில் கசிந்த பெட்ரோல் அவ்வப்போதே ஆவியாகிக்கொண்டிருந்தது. அதனால் வாடை மட்டுமே மிச்சம். அந்த இடத்துக்கு நேர் மேலேதான் முன் இருக்கை. அதற்கு அடுத்துப் பின்னால் குழந்தைகள்.

"வாடை அடிக்குதுன்னு யாரும் சொல்லலையா?" என்று பெரியவர் கேட்டார்.

வண்டிக்காரர் மௌனமாக இருந்தார். நாமும் மௌனமாக இருந்தோம். ஏனெனில், யாரும் சொல்லவில்லை என்பது உண்மையன்று. மூன்று வாரங்களுக்கு முன்பே நமது குமாரி, "அப்பா, வேனில் பெட்ரோல் வாடை அடிக்குது, எனக்குக் குமட்டுது" என்று சொன்னாள். "பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்காமல் சந்தன வாடையா அடிக்கும்?" என்று நாம் சாமர்த்தியமாகப் பதில் சொல்லிச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

2020 பிப்ரவரியில் பஞ்சாப் மாகாணத்தில் லோங்கோவால் என்னும் ஊரில் பள்ளிக்கூட வேன் ஒன்று தீப்பற்றி நான்கு குழந்தைகள் மாண்டார்கள். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு நாமும் எல்லோரையும் போல 'ஐயோ' என்றோம்; பத்திரிகையை மடித்து வைத்தோம். தூரத்து ஊரில் நடந்த விபத்து நம் தெருவில் நடக்கும் என்று மனம் நினைப்பதில்லை. அன்று அந்த வெடித்த டியூபைப் பார்த்தபோதுதான், அந்தத் தூரம் எவ்வளவு சொற்பம் என்று விளங்கிற்று.

"நிக்கிறது என்னான்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல இதை மாத்தாம வண்டி இங்கிருந்து நகரக்கூடாது" என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரையில் உள்ள ரப்பர் டியூப்கள் எல்லாவற்றையும், கிளிப்புகளையும், பில்டரையும் மாற்றினார்.

ரப்பர் வெடித்ததற்கு வயதும் சூடுமே பிரதான காரணம். இன்னொரு காரணமும் சேரக்கூடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்தைக் கலக்கிறார்கள். நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் 2023-ல் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் கிடைக்கும் எரிபொருள் ஆகையால் அந்நிய நாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பணம் குறைகிறது. தேசத்துக்கு அது நல்லதே. ஆயினும் பழைய வண்டியின் ரப்பரும் கேஸ்கெட்டும் எத்தனாலை உத்தேசித்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி உப்பலாம், இளகலாம், வெடிக்கலாம். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே, கார்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் டியூப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது அவசியம்.

திங்கட்கிழமை நோய்

கசிவு நின்றது. ஆனால் வண்டி நிற்கும் மர்மம் விளங்கவில்லை. அந்த வெடிப்பு பம்புக்கு அப்பால், தள்ளும் பக்கத்தில் இருந்தது. அந்த அளவு கசிவினால் இஞ்சின் பட்டினி கிடக்காது என்று பெரியவர் சொன்னார். "என்னைக்கெல்லாம் நின்னுச்சு? தேதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

இங்கேதான் நமது தொழில் சிறிது உதவிற்று. ஆஜர்ப் பட்டியல் எழுதிப் பழகிய கை ஆனதால், குமாரி பள்ளிக்குத் தாமதமாகப் போன தினங்களை நாம் நாட்குறிப்பில் குறித்திருந்தோம். எடுத்துப் பார்த்தோம். ஏழு தினங்கள். ஐந்து திங்கட்கிழமை, இரண்டு செவ்வாய்க்கிழமை. புதன் முதல் வெள்ளி வரையில் ஒரு தடவைகூட இல்லை!

வண்டிக்குக் கிழமை தெரியுமா? தெரியாது. ஆனால் வண்டிக்காரருக்குத் தெரியும். அவர் திங்கட்கிழமை காலையில்தான் தொட்டி நிறையப் பெட்ரோல் போடுவது வழக்கம். "அப்போ அந்தப் பங்கில் கலப்பட எண்ணெயோ?" என்று கேட்டோம். "அதுவும் பார்த்துட்டேன், ஐயா. மூணு வாரம் வேற வேற பங்கில் போட்டேன். அப்பவும் நின்னுச்சு" என்றார் வண்டிக்காரர்.

பெரியவர் சிரித்தார். எழுந்து போய்ப் பெட்ரோல் தொட்டியின் மூடியைக் கழற்றிக் கொண்டுவந்தார். "இது எப்ப வாங்கினது?" என்றார். பழைய மூடி காணாமற்போய், நான்கு மாதத்துக்கு முன் ஏதோ ஒரு கடையில் அளவு பார்த்து வாங்கியது என்று தெரிந்தது. வண்டி நிற்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதிலிருந்துதான்.

வீட்டில் எண்ணெய் டின்னைத் திறக்கும்போது நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு பக்கம் துளை போட்டால் எண்ணெய் திணறித் திணறி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் சரளமாகக் கொட்டும். உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமானால், வெளியே இருக்கும் காற்று உள்ளே போக வேண்டும். பெட்ரோல் தொட்டிக்கும் அதே நியாயந்தான். இந்த வண்டியில் காற்று உள்ளே போவதற்கான சிறு வழி மூடியில் இருக்க வேண்டும். புது மூடியிலோ அந்த வழியே இல்லை. பம்பு பெட்ரோலை இழுக்க இழுக்கத் தொட்டிக்குள் காற்றழுத்தம் குறைந்தது. ஒரு கட்டத்தில் வயதான பம்பினால் அதற்கு எதிராக இழுக்க முடியவில்லை. இஞ்சின் பட்டினியால் இருமி நின்றது. இருபது நிமிஷத்தில் எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று மெல்லப் புகுந்ததும் மறுபடி கிளம்பிற்று.

சரி, திங்கட்கிழமை ஏன்? இது வகுப்பில் போடத்தக்க கணக்கு. தொட்டி நிறைந்திருக்கும்போது மேலே காற்றுக்கு இரண்டு லிட்டர் இடந்தான் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஏழு கிலோமீட்டரில் அரை லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. இரண்டு லிட்டர் காற்று இரண்டரை லிட்டர் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வியாழக்கிழமையன்று தொட்டியில் இருபது லிட்டர் காற்று இருக்குமானால், அரை லிட்டர் செலவினால் ஏற்படும் குறைவு சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். பம்புக்கு அது ஒரு பொருட்டன்று. வைத்தியம் செய்தவுடன் இரண்டு மூன்று நாள் வண்டி நன்றாக ஓடியதன் இரகசியமும் இதுவே. வைத்தியம் நடந்ததெல்லாம் திங்கள், செவ்வாயில். புதன்கிழமை தானாகவே குணமாகிவிடும் நோய்க்குப் பிளக்கும் காயிலும் பெயர் வாங்கிக்கொண்டன!

ஊகம் போதாது, நிரூபணம் வேண்டும் என்றோம். பெரியவரும் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகள் இல்லாமல், தொட்டியை நிரப்பி, அதே மூடியைப் போட்டு ஓட்டினோம். ஏழாவது கிலோமீட்டரில் இருமிற்று, நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு, மூடியைத் திருகினார் பெரியவர். 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும் சப்தம் கேட்டது. சாவியைத் திருகியதும் வண்டி உடனே கிளம்பிற்று. பிறகு சரியான மூடியைப் போட்டு முப்பது கிலோமீட்டர் ஓட்டினோம், எங்கும் நிற்கவில்லை. டியூப், கிளிப், பில்டர், மூடி, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று.

புகையின் பாஷை

வேறு சில குறிகளையும் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். பின்னால் வரும் புகையைக் கவனிக்க வேண்டும். கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், கார்புரேட்டரின் மிதவை கோளாறாக இருக்கலாம், ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவிதான். இஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வெண்புகை வந்து, ரேடியேட்டர் ஜலமும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கக் கூடும். அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

இஞ்சினின் டைமிங் பெல்ட்டும் முக்கியமானது. அது ரப்பர்ப் பட்டை, வெளியே தெரியாது, முன்னெச்சரிக்கையும் கொடுக்காது. அறுந்தால் இஞ்சின் அக்கணமே நின்றுவிடும். ஆகையால் கையேட்டில் சொல்லியுள்ள தவணையில் மாற்றிவிடுவதே விவேகம். பழைய வண்டி வாங்கியவருக்குக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், வாங்கியவுடன் மாற்றிவிட வேண்டும்.

செய்யத் தகாதவை சிலவும் உண்டு. இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. உள்ளே அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீச்சும். கிளம்பாத வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பிப் பார்க்கக்கூடாது. கசிவைத் தேட நெருப்புக்குச்சி கிழிப்பது தற்கொலைக்குச் சமானம். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் பிளக்கைக் கழற்றித் தீப்பொறி சோதிக்கக்கூடாது. எரிந்த பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பதும் கூடாது. வீட்டுச் சமையல் வாயு உருளையை வேனில் வைத்து ஓட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது சட்ட விரோதம் என்பது மட்டுமல்ல, குழந்தைகளை வெடிகுண்டின் மேல் உட்கார வைப்பதாகும். தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று 2012-லேயே தனி விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. விதிகள் காகிதத்தில் இருந்தால் போதாது. தீயணைப்புக் கருவி வண்டியில் இருக்கிறதா, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதைப் பெற்றோர்களே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுவது நல்லது.

கை அறிந்த கல்வி

புளியமரத்தடிப் பெரியவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். ஆனால் அன்று அவர் செய்தது சுத்தமான விஞ்ஞானம்: கேள்வி, கவனிப்பு, ஊகம், பரீட்சை. சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற நாம் செய்ததோ, பக்கத்தில் நின்று நாட்குறிப்பைப் புரட்டியதுதான். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பில் மனம் ஊன்றாதவர். இளமையில் ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்தார். பிற்பாடு 1920-ல் ஒரே பஸ்ஸுடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கி, 1937-ல் இந்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்யும் அளவுக்கு உயர்ந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, நம் ஜில்லாக்களில் கரி வாயுவைக் கொண்டு பஸ் ஓட்டினார்கள். நம்மவர் கைகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கைகளை மதிக்கும் மனந்தான் நமக்குக் குறைவு. 'படிக்காவிட்டால் மெக்கானிக்காகத்தான் போவாய்' என்று பையன்களை வசவு சொல்வது நமது பள்ளிக்கூடங்களில் சகஜம். நாமும் சொன்னதுண்டு. இனிமேல் சொல்வதாக இல்லை.

ஆரம்பத்தில், வண்டி இல்லாத குடும்பங்களுக்கும் ஒரு விஷயம் உண்டு என்றோம். அது இதுதான்: குழந்தை வந்து ஒரு குறையைச் சொன்னால், அதற்குச் சாமர்த்தியமான பதில் சொல்லாமல், எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அந்த வேனில் பெரியவர்களாகிய நாங்கள் எல்லோரும் தேடியது வண்டி நிற்பதற்கான காரணத்தை. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தபோதே பெரிய அபாயம் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. அதை முதலில் கண்டறிந்தது எட்டு வயதுக் குழந்தையின் மூக்கு.

நிறுத்திய இரண்டு குழந்தைகளும் மறுபடி வேனில் வருகிறார்கள். இப்போது திங்கட்கிழமைகளிலும் வேன் ஒழுங்காக ஓடுகிறது. காலையில் குழந்தைகள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, சாவியைத் திருகுவதற்கு முன்னால் வண்டிக்காரர் பின்னால் திரும்பி, "வாடை ஏதாச்சும் அடிக்குதா, கண்ணுங்களா?" என்று கேட்கிறார். "இல்லை!" என்று ஏகோபித்த குரல் வந்த பிறகுதான் வண்டி கிளம்புகிறது.